ரீபெயின்ட் ஆகாத ஃபென்டர்: கார் படங்களில் எச்டிஆரும் ஒற்றை எக்ஸ்போஷரும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறத்தில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு ஷோரூம். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இணையப் பட்டியலில் 20 படங்கள் போட வேண்டும்: வெளியே 12, உள்ளே 8. இந்த வேலையை ஒரு போட்டோகிராபரும் ஒரு எடிட்டரும் ஒப்பந்தத்தில் செய்துவந்தார்கள். வீடு, ஹோட்டல் அறைகளைப் படமெடுத்துப் பழகியவர்கள். அந்த வேலையில் எச்டிஆர், அதாவது ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒரே படமாக இணைப்பது, அன்றாடப் பழக்கம். ஜன்னலுக்கு வெளியே உள்ள வெயிலும் அறைக்குள் உள்ள நிழலும் ஒரே படத்தில் தெரிந்தாக வேண்டும். அதே முறையைக் காருக்கும் கொண்டுவந்தார்கள்.

முறை இதுதான். டிரைபாடில் கேமரா, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் மட்டும் மாறும்படி 2 ஸ்டாப் இடைவெளியில் 5 ஃபிரேம்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). நண்பகல் வெயிலில் அவை 1/6400, 1/1600, 1/400, 1/100, 1/25 விநாடி. ஐந்தையும் மென்பொருளில் இணைத்து, டோன் மேப்பிங் செய்து (வெளிச்சத்தையும் நிழலையும் திரையில் தெரியும் அளவுக்குள் சுருக்கி), கடைசியில் நுண்விவரங்களை எடுப்பாகக் காட்டும் கிளாரிட்டியை ஏற்றிவிடுவார்கள். ஒரு வண்டிக்கு 100 ரா கோப்புகள் (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தாத மூலக் கோப்புகள்), சுமார் 4.5 ஜிபி. எடிட்டருக்கு வண்டிக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது.

படமெடுக்கும் நேரம் காலை 11 முதல் 1 மணி. வாட்டர் வாஷ் முடிய 10.30 ஆகிவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இடம் ஷோரூமின் சிமென்ட் முற்றம். மேலே கலர் கொடித் தோரணம், ஒரு பக்கம் தகரக் கொட்டகை, கிழக்கில் ஷோரூமின் மூன்று மாடிக் கட்டடம்.

புகார்

ஏப்ரல் கடைசி வாரம். ஆறு வருடம் ஓடிய சில்வர் நிற செடான் ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டுப் பேசிய மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஷோரூம் மேலாளர் போட்டோகிராபரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த வண்டி ஒரு இடத்துலயும் அடிபடல. ஆனா படத்தைப் பாத்தவங்க எல்லாம் முன் ஃபென்டர் ரீபெயின்டான்னு கேக்குறாங்க. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார்.

"நாங்க கலர் எதையும் தொடல சார்."

நான்காவதாக வந்தவர் கையோடு ஒரு மெக்கானிக்கையும் பெயின்டின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டரையும் கொண்டுவந்தார். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 160 மைக்ரானுக்குள் இருக்கும். மேலே பட்டி பார்த்து அடித்திருந்தால் அளவு தாவிவிடும். முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபென்டர் 118 காட்டியது, முன் கதவு 122. இரண்டும் ஒரிஜினல். அவர் ஃபென்டரை விட்டுவிட்டுப் பின்கதவுக்குப் போனார். படத்தில் அங்கே ஒரு சொட்டை தெரிந்ததாம். கையால் தடவிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை. இல்லாத குறையைப் படம் காட்டினால், இருக்கிற குறையை எது காட்டும் என்ற சந்தேகம் அவருக்கு.

பெயின்டில் என்ன நடந்தது

படக் கோப்பை 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று தவறுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

முதலாவது ஃபென்டர். டோன் மேப்பிங் படம் முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்குவதில்லை. ஒவ்வொரு இடத்தையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு, இருட்டான சுற்றுப்புறத்தில் இருப்பதைத் தூக்கும், வெளிச்சமான சுற்றுப்புறத்தில் இருப்பதை அழுத்தும். முன் ஃபென்டரைச் சுற்றி இருப்பது டயரும் சக்கர வளைவின் இருட்டும். அதனால் ஃபென்டர் வெளுத்தது. கதவுக்குக் கீழே இருப்பது வெயிலில் பளிச்சிடும் சிமென்ட் தரை. அதனால் கதவு மங்கியது. இரண்டுக்கும் நடுவே கதவு இடுக்கின் கறுப்புக் கோடு இருக்கிறது. விளிம்புகளைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்திக்கொள்ளும்படிதான் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. அது சரியாக அந்த இடுக்கில் நின்றது. இடுக்குக்கு இந்தப் பக்கம் ஒரு ஷேடு, அந்தப் பக்கம் ஒரு ஷேடு. டிங்கரிங் கடையில் ஒரு பேனலை மட்டும் அடித்துக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படியே.

ஹோட்டல் அறையில் இந்தக் கோளாறு யாருக்கும் தெரியாது. சுவரில் அரை ஸ்டாப் வித்தியாசம் வந்தால் விளக்கொளி என்று கண் எடுத்துக்கொள்ளும். கார் அப்படியில்லை. பழைய கார் வாங்குபவரின் கண் முதலில் தேடுவதே பேனலுக்குப் பேனல் ஷேடு மாறுகிறதா என்பதைத்தான்.

இரண்டாவது, பின்கதவுச் 'சொட்டை'. அது கொடித் தோரணத்தின் பிரதிபலிப்பு. ஐந்து ஃபிரேம் எடுத்து முடிப்பதற்குள் காற்றில் தோரணம் ஐந்து இடங்களில் இருந்திருக்கிறது. கிளியர்கோட் (பெயின்டுக்கு மேல் போடும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) பூசிய கதவு ஒரு கண்ணாடி. தோரணம் ஆடினால் கதவும் ஆடும். மென்பொருளின் டீகோஸ்ட் வசதி, ஆடிய இடத்துக்கு மட்டும் ஏதோ ஒரு ஃபிரேமை எடுத்து ஒட்டியது. அது ஒட்டிய ஓரத்தில் பிரதிபலிப்பு ஒடிந்து வளைந்தது. தகட்டில் சொட்டை இருந்தாலும் பிரதிபலிப்பு அப்படித்தான் வளையும். மரக்கிளை ஆடினால் வானத்தில் தெரியும் பேயுருவை எல்லோரும் கவனிக்கிறார்கள். கதவுக்குள் ஆடும் கிளையை யாரும் கவனிப்பதில்லை.

மூன்றாவது, பானெட் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதால் வந்த உப்புக்கறை. நேரில் பார்த்தால் லேசாகத்தான் தெரியும். கிளாரிட்டி அதை அம்மைத் தழும்பாக்கிவிட்டது. மெட்டாலிக் பெயின்டின் மினுக்குத் துகள்களும் அதே காரணத்தால் மணல் தெளித்ததுபோல் ஆகியிருந்தன.

இவை போக, கூரைக் கோட்டை ஒட்டி வானத்தில் ஒரு வெளிர் வளையம் இருந்தது. முன்விளக்கின் எல்இடி பட்டை பாதி எரிந்தும் பாதி அணைந்தும் தெரிந்தது. பல வண்டிகளில் பகல் விளக்கு தொடர்ந்து எரிவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரியும். 1/6400 விநாடியில் அது அணைந்த நொடி மாட்டினால், ஐந்து ஃபிரேமும் ஐந்து விதமாகச் சொல்லும்.

ஒரே கார், ஒரே இடம், மூன்று படங்கள்

முறையை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். அதே செடானை அதே இடத்தில், டயர் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்து நிறுத்தினார்கள். 85 மி.மீ. லென்ஸ், கேமரா முன்விளக்கின் உயரத்தில், முழுப் பக்கவாட்டுத் தோற்றம். முதல் படம் நண்பகல் ஐந்து ஃபிரேம் எச்டிஆர். இரண்டாவது, அந்த ஐந்தில் நடுவில் உள்ள 1/400 ஃபிரேம் மட்டும், ஒற்றை ரா கோப்பாக. மூன்றாவது, மறுநாள் காலை 6.10-க்கு எடுத்த ஒற்றை ஃபிரேம், 1/8 விநாடி.

நண்பகலில் ஸ்பாட் மீட்டரால் அளந்தபோது, வெயில் விழும் பார்க்கிங் வெள்ளைக்கோட்டுக்கும் சக்கர வளைவின் உட்புறத்துக்கும் இடையே 9 ஸ்டாப் இருந்தது. கையில் இருந்த ஃபுல் ஃபிரேம் கேமரா ஐஎஸ்ஓ 100-ல் சுமார் 14 ஸ்டாப் வரை பிடிக்கக்கூடியது. ஆக, ஐந்து ஃபிரேம்களுக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. குரோமில் மின்னும் சூரியப் புள்ளி மட்டும்தான் அளவுக்கு மீறியது. அது வெளுத்துப்போகத்தான் வேண்டும். அதையும் மீட்டு எடுத்தால் குரோம் ஈயம்போல் சாம்பலாகிவிடும்.

படங்களை எச்டிஆர் என்ற பேச்சே இல்லாமல், பழக்கமான ஒரு டிங்கரிங் கடை மேஸ்திரியிடம் போனில் காட்டினார்கள். எதில் வேலை பார்த்திருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. முதல் படத்தில் அவர் யோசிக்கவே இல்லை, "முன் ஃபென்டர்" என்றார். இரண்டாவதற்கு, "இந்த வெயில்ல எதுவும் சொல்ல முடியாதுங்க." மூன்றாவதைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஃபென்டர் சுத்தம். பின் பம்பர் மூலையில டச்சப் இருக்கு" என்றார்.

முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால், பின் பம்பரின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு டச்சப் இருந்தது. ஷோரூமின் பரிசோதனைத் தாளிலேயே அது விட்டுப்போயிருந்தது.

இரண்டாவது படம் தோற்றதையும் கவனிக்க வேண்டும். ஒற்றை ஃபிரேம் என்பதாலேயே அது நல்ல படமாகிவிடவில்லை. சென்னை கிட்டத்தட்ட 13 பாகை வடக்கு அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும். கூரையும் பானெட்டும் எரியும். கதவுகளுக்கு நேர் வெயில் துளியும் விழாது, தரையிலிருந்து எம்பும் வெளிச்சம்தான். காரின் வளைவுகளைக் கண்ணுக்குச் சொல்வது பேனலின் மேலிருந்து கீழாக மெல்ல மாறும் வெளிச்சம். உச்சி வெயிலில் அந்த மாற்றமே இல்லை. ஃபிரேம்களை எத்தனை அடுக்கினாலும் வெளிச்சம் வரும் திசை மாறாது. எச்டிஆரா ஒற்றையா என்ற விவாதத்தில் பலரும் தவறவிடும் இடம் இது.

எடுத்த முடிவுகள்

நேரத்தைத்தான் முதலில் மாற்றினார்கள். முற்றத்தின் கிழக்கில் உள்ள கட்டடம் காலை ஏறக்குறைய 8 மணி வரை நேர் வெயிலை மறைக்கிறது. அதுவரை முற்றம் முழுவதும் திறந்த நிழல். மேற்கு வானம்தான் பெரிய வெளிச்சப் பலகை. வாட்டர் வாஷை முந்தின நாள் மாலைக்கு மாற்றி, கடைசித் துடைப்பைக் கேன் தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் செய்யச் சொன்னார்கள். வண்டிக்கு 2 லிட்டர் போதுமானதாக இருந்தது. தோரணம் கழற்றப்பட்டது. மேலாளர் அதற்கு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் தெரிந்த அந்த 'சொட்டையை' மறுபடி காட்டிய பிறகுதான் ஏணி வந்தது.

வெளிப்புறப் படம் 12-ம் ஒற்றை ஃபிரேம். ஆனால் கேமராவில் பிராக்கெட்டிங்கை அணைக்கவில்லை. 2 ஸ்டாப் இடைவெளியில் 3 ஃபிரேம் எடுத்து, அதில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவது, மற்ற இரண்டும் காப்பு. வானமோ முன்விளக்கோ கெட்டுப்போனால் அந்த இடத்தை மட்டும் காப்பு ஃபிரேமிலிருந்து போட்டோஷாப்பில் மாஸ்க் போட்டுக் கையால் எடுத்துக்கொள்ளலாம். பெயின்ட் பூசிய பேனல் எதுவும் இரண்டு ஃபிரேம்களிலிருந்து வரக்கூடாது என்பது எழுதி ஒட்டப்பட்ட விதி.

ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கக்கூடாது. முதல் ஃபிரேமில் பானெட் மேல் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) வைத்து எடுத்து, அந்த வண்டியின் எல்லாப் படங்களுக்கும் அதே அளவு. காலை நிழலில் பெரும்பாலும் 6500 முதல் 7500 கெல்வினுக்குள் வந்தது. வெள்ளை வண்டி நீலம் பாய்வது இதில் அடங்கியது. கிளாரிட்டி பூஜ்யம், ஷேடோ ஸ்லைடர் அதிகபட்சம் 40. சக்கர வளைவு கறுப்பாகவே இருக்கட்டும்.

லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. கிளியர்கோட், கண்ணாடி இரண்டின் பளபளப்பையும் அது குறைக்கும். குரோமில் வேலை செய்யாது. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். கதவின் பிரதிபலிப்பை முழுக்கக் கொன்றால் வளைவும் சேர்ந்து செத்துவிடும், ஆகவே பாதித் திருப்பம் போதும் என்று முடிவானது. பின் கண்ணாடி தெரியும் கோணத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும். டெம்பர்டு கண்ணாடியின் உள் அழுத்தம் போலரைசர் வழியே புள்ளிப் புள்ளியாகத் தெரியும், வாங்குபவர் ஃபிலிம் உரிந்திருக்கிறது என்று நினைப்பார். முன் கண்ணாடி லேமினேட் செய்யப்பட்டது, அதில் இந்தத் தொல்லை இல்லை.

காருக்குள்

உட்புறத்தில் எச்டிஆரைக் கைவிடவில்லை, குறைத்தார்கள். டேஷ்போர்டுக்கும் ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சிக்கும் காலையிலேயே 6, 7 ஸ்டாப் வித்தியாசம் இருந்தது. உள்ளே துணியும் பிளாஸ்டிக்கும்தான். கண்ணாடிபோல் மின்னும் வளைவுகள் குறைவு, ஷேடு ஒப்பிடும் கண்ணும் இல்லை. 3 ஃபிரேம், 2 ஸ்டாப் இடைவெளி, டீகோஸ்ட் அணைத்து. வெளிக்காட்சியை முழுக்க மீட்காமல் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளுப்பாகவே விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருவும் உள்ளே சீட்டும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும்.

முன் கண்ணாடி வழியே வெளிச்சம் கூடுதலாக வந்த நாள்களில் கண்ணாடி மேல் ஒரு நாலு முழ வேட்டியை விரித்தார்கள். இரண்டு ஸ்டாப் அளவுக்குப் பிரச்சினை தீர்ந்தது, எச்டிஆரே தேவைப்படவில்லை. விலை உயர்ந்த டிஃப்யூசர் துணி செய்வதும் இதைத்தான்.

டேஷ்போர்டு மீட்டர் படம் எப்போதும் ஒற்றை ஃபிரேம், இன்ஜின் ஓட, 1/30 விநாடி. இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் விளக்குகள் எல்லாம் எரியும். அதைப் படமெடுத்துப் போட்டு முன்பு ஒருமுறை இருபது போன் வந்திருக்கிறது. ஷட்டர் 1/30-ஐவிட வேகமானால் திரை மீட்டர்களில் பட்டை விழலாம்.

முதல் இரண்டு வாரங்கள்

முதல் நாள் படங்கள் அத்தனையும் பனிமூட்டம். கேமரா பை இரவு முழுக்க ஏசி அறையில் இருந்தது. வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்த்துவிட்டது. தெளிய 20 நிமிடம் ஆனது, அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விட்டது. அதன்பின் பை ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் வைக்கப்பட்டது.

இதைவிடப் பெரிய தவறு ஒரு கறுப்பு எஸ்யூவியில் நடந்தது. எச்டிஆர் கைவசம் இல்லை என்ற பயத்தில், வானம் வெளுக்கக்கூடாது என்று போட்டோகிராபர் 3 ஸ்டாப் குறைத்து எடுத்தார். எடிட்டர் கதவின் வெளிச்சத்தைத் தூக்கியபோது கறுப்பில் ஊதா நிறமும் கிடைக்கோடுகளும் கிளம்பின. தவறு வேறு, பலன் பழையதுதான்: பெயின்ட் மங்கியதுபோல் தெரிந்தது. காரணம், படம் வெளுக்கிறது என்று கேமராத் திரையில் மின்னும் எச்சரிக்கையை மட்டும் நம்பியது. அந்த எச்சரிக்கை ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ரா கோப்பில் அதற்கு மேலும் இடம் இருக்கும். பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றி, தரையின் பார்க்கிங் வெள்ளைக்கோடு ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைத் தொடும்வரை எக்ஸ்போஷரை ஏற்றச் சொன்னதும் இது நின்றது.

சென்னையில் விடியல் வேகமானது. 5.45-க்கு எஃப் 8-ல் 1 விநாடி கேட்ட முற்றம், 6.10-க்கு 1/8 விநாடியில் முடிந்தது. 25 நிமிடத்தில் 3 ஸ்டாப். ஒரு வண்டிக்குச் சரிசெய்த எக்ஸ்போஷரை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொண்டால் படம் வெளுக்கும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது இதனால் கட்டாயமானது. 5.45-க்கு முன்பே தொடங்கியபோதும் வெயில் முற்றத்துக்குள் வருவதற்குள் மூன்று வண்டிகளுக்கு மேல் முடிக்க முடியவில்லை.

பின்விளைவு

இரண்டு மாதத்தில் ரீபெயின்ட் கேள்வி ஒரேயடியாக நிற்கவில்லை. பழைய கார் சந்தையில் அது நிற்கவும் நிற்காது. ஆனால் கேள்வி வந்த இடங்களில் மைக்ரான் மீட்டரும் படமும் ஒத்துப்போயின. சில்வர் செடானின் பட்டியலில் "பின் பம்பர் இடது மூலையில் டச்சப்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். அடுத்த மாதம் அந்த வண்டி விற்றது. விலையையும் அப்போது கொஞ்சம் குறைத்திருந்ததால், படத்தால்தான் விற்றது என்று சொல்வதற்கில்லை.

எடிட்டரின் நேரம் வண்டிக்கு இரண்டரை மணியிலிருந்து 40 நிமிடத்துக்கு இறங்கியது. அதில் பெரும்பகுதி உட்புறப் படங்களுக்குத்தான்.

எதிர்ப்பும் இருந்தது. விற்பனைப் பிரிவில் இருவருக்குப் புதிய படங்கள் 'டல்'. போன் திரையில் சிறு கட்டமாகப் பார்க்கும்போது எச்டிஆர் படம்தான் கண்ணைப் பிடித்தது என்றார்கள், அது உண்மையும்கூட. அதற்காக முகப்புப் படத்துக்கு மட்டும் கான்ட்ராஸ்டும் நிற அடர்த்தியும் சற்று ஏற்றப்பட்டன. அவை படம் முழுவதையும் ஒரே சீராகத்தான் மாற்றும். ஃபென்டரை ஒரு மாதிரியும் கதவை ஒரு மாதிரியும் நடத்தாது.

கார் உலகில் எச்டிஆருக்கு வேறு ஒரு இடம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பல எக்ஸ்போஷர்களிலிருந்து ஒரு காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் முறையை 1997-ல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்டார்கள். விளம்பரங்களில் கணினியில் உருவாக்கிய கார் மேல் சாலையும் வானமும் பிரதிபலிப்பது, அந்த இடத்தில் எடுத்த 360 பாகை எச்டிஆர் படத்தால்தான். அங்கே அது ஒளியை அளக்கும் கருவி. இந்த முற்றத்தில் அதை ஒப்பனைப் பொருளாக ஆக்கியிருந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

சோதனையை ஒரு வண்டியோடு நிறுத்தியது போதாது. சில்வர் நிறத்தில் ஷேடு தாவல் கூசும்படி தெரியும். வெள்ளையிலும் அடர் நீலத்திலும் இதே மூன்று படங்களை எடுத்து மேஸ்திரியிடம் காட்டியிருக்க வேண்டும். மெட்டாலிக் வண்டிகளில் பிளாஸ்டிக் பம்பருக்கும் தகட்டுக்கும் கம்பெனியிலிருந்தே லேசான ஷேடு வித்தியாசம் இருப்பதுண்டு. ஒற்றை ஃபிரேம் அதை அப்படியே காட்டும், அதற்கும் போன் வரும். பட்டியலில் அதை விளக்கும் ஒரு வரி இன்னும் சேர்க்கப்படவில்லை.

பழைய எச்டிஆர் படங்களோடு பட்டியலில் தொங்கும் வண்டிகளைத் திரும்ப எடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மாலையில் வந்து மறுநாள் காலையே பட்டியலில் ஏற வேண்டிய வண்டிகளுக்கு, சூரியன் மறைந்த பின் கிடைக்கும் 20 நிமிட வெளிச்சத்தைச் சோதித்துவருகிறார்கள். மேற்கு வானம் அப்போது முற்றத்துக்கு நேர் எதிரே ஒளிர்வதால் கதவுகளில் வெளிச்சம் நன்றாக வழிகிறது. தகரக் கொட்டகையின் டியூப்லைட் மட்டும் பின்கதவில் ஒரு வெள்ளைக் கீறலாக விழுகிறது. படமெடுக்கும்போது அதை அணைக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் பேசியிருக்கிறார்கள்.